போன் வீட்டுக்கு வரும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவோம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடிய பிறகும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தோம். காலை பத்து மணிக்குப் பாடத்தை அனுப்பிவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று அழுத்திப் பார்ப்பேன். மதியம் வரை பத்துப் பேர், பன்னிரண்டு பேர். மற்றவர்களுக்கு நேராக 'அக்கறை இல்லை' என்று நோட்டில் எழுதினேன். சிவப்பு மையில் எழுதினேன்.

அதில் ஒரு பெண், நன்றாகக் கணக்குப் போடுகிறவள். பதினைந்து நாளாகப் பகலில் சத்தமே இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நோட்டைப் படம் பிடித்து அனுப்புவாள். இருட்டில் எடுத்த படம், ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரியாது. எனக்குக் கோபம். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அந்த நம்பருக்கே போன் போட்டேன், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. எடுத்தது அவளுடைய அப்பா. பின்னால் கலவை மெஷின் சத்தம். "சார், சாரத்து மேல நிக்கிறேன் சார். போன் எங்கிட்டதான இருக்குது. பாப்பாவுக்கு சாயங்காலம் வந்து குடுக்கறேன்" என்றார். கொத்தனார். பக்கத்து டவுனில் வேலை. மேஸ்திரி கூப்பிட்டால் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் மறுநாள் வேலை இல்லை. அவரைச் சாரத்தின் மேல் நிற்க வைத்து, பிள்ளை படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் புரிந்தது, நான் எண்ணிக்கொண்டிருந்தது பிள்ளைகளின் அக்கறையை அல்ல. போன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறது என்பதை.

2017-18இல் மத்திய அரசின் மாதிரி ஆய்வில் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்குச் சுமார் 15இல்தான் இணைய வசதி இருந்தது. சரி, அப்புறம் அது கூடியிருக்கும். 'உங்கள் வீட்டில் இணையம் உண்டா?' என்று கேட்டால் அந்தக் கொத்தனாரும் உண்டு என்றுதான் சொல்வார். பொய் இல்லை. ஆனால் பகல் முழுக்க அந்த இணையம் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

போன் வீட்டிலேயே இருந்தாலும் இன்னொரு சங்கடம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. கல்லூரியில் படிக்கும் அண்ணன் இரண்டு வீடியோ வகுப்பு பார்த்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். நள்ளிரவு பன்னிரண்டு தாண்டினால் புது டேட்டா. அதனால்தான் சில பிள்ளைகள் பன்னிரண்டே காலுக்கு "சார், பாத்துட்டேன்" என்று செய்தி போட்டார்கள். முதலில் இதற்கும் திட்டினேன். நீங்களும் உங்கள் வீட்டில் திட்டியிருப்பீர்கள்.

பாடம் ஒளிபரப்ப அரசின் கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பீர்கள். இருந்தது, நல்ல காரியம். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியது. டிவி இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. ஆனால் பாட நேரத்தில் கரண்ட் போனால் பாடமும் போச்சு, சந்தேகம் கேட்கவும் முடியாது. இந்த வானொலி மாதிரிதான். நீங்கள் தூங்கிவிட்டீர்களா என்று எனக்கு இப்போது தெரியுமா?

நான் கடைசியில் செய்தது ரொம்பச் சின்ன வேலை. வீடியோவை நிறுத்தினேன். இரண்டு நிமிடம் குரலில் ஒரே ஒரு கணக்கைச் சொல்லி அனுப்பினேன். அது ஒரு எம்பி கூட ஆகாது. விடை சொல்ல நேரம் ராத்திரி எட்டிலிருந்து பத்து. குரலிலேயே சொல்லலாம், படம் வேண்டாம். பகலில் பன்னிரண்டு பேர் என்றேனே, ராத்திரியில் முப்பதைத் தாண்டியது. அந்தப் பெண் முதல் நாள் அனுப்பிய பதிலில் பின்னால் குக்கர் விசில் கேட்டது, நடுவில் அப்பா "சத்தமா சொல்லும்மா" என்றார்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார். 2021 அக்டோபரில் வந்த அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைப் பற்றித்தான் பாதி நேரம் பேசுவதாக எழுதி வந்தேன், நாலு பக்கம் அப்படியே இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கோயில் திண்ணையில் நடந்தது. போன் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அங்கே அக்கா வந்துவிடுவாள். மீதியை இன்னொரு முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.