ஒரே சங்கிலிக்கு மூணு விலை

தலைப்பு: ஒரு பொருளின் மதிப்பைச் சொல்வது அதன் விலையா, பயனா? 'பயனே' அணியின் பேச்சு.

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். நேரம் கொஞ்சம்தான், நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணித் தலைவர் சொன்னாரு: "மதிப்பு, பெறுமானம், தரம்னு எத்தனை பேர் வேணா வைங்க. கடைசியில எல்லாம் பில்லுல போடற ஒரே நம்பர்தான்." சரி, அந்த ஒரே நம்பரைத் தேடி நம்ம லாங் பஜாருக்கே போவோம்.

குடியாத்தம் பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்கன்னு வைங்க. பீடி சுத்தற கை. ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு வர்ற கூலியில மிச்சம் புடிச்சு, ஒரு சவரன்ல சங்கிலி வாங்க வர்றாங்க. சவரன்னா 8 கிராம். கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். தங்கம் 80,000. சேதாரம் நூத்துக்குப் பத்துன்னா 8,000. ஆச்சு 88,000. அதுக்கு மேல ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,640. மொத்தம் 90,640 ரூபாய். அந்தம்மா முந்தானையில முடிஞ்ச துட்டை அவுத்து எண்ணிக் கொடுத்துட்டு, சங்கிலியைக் கழுத்துல போட்டுக்கினு வெளிய வர்றாங்க.

வாசப்படி தாண்டறதுக்குள்ள போன் வருது. பையனுக்குப் பாலிடெக்னிக்ல சீட்டு கிடைச்சிருக்கு, உடனே பணம் கட்டணும். வந்த காலோட திரும்பி அதே கடைக்குள்ள போறாங்க. "தம்பி, இத்தை எடுத்துக்கினு பணத்தைக் கொடுப்பா." தராசுல வச்சுப் பாத்துட்டுச் சொல்றாரு: "80,000 தர்றேன்மா." "இன்னாபா, இப்பதான உன் கையாலயே வாங்கினேன்? எறங்கி ஏறறதுக்குள்ள பத்தாயிரம் எங்க போச்சு?" "சேதாரமும் வரியும் திரும்பி வராதும்மா."

அந்தம்மாவுக்கு விக்க மனசு வரல. எதுத்த சாரியில அடகுக் கடை. அங்க உக்காந்திருக்கறவரு சங்கிலியோட நடுவுல கையே வைக்க மாட்டாரு. நேரா கொக்கியைப் புடிப்பாரு. ஏன்னா பத்த வச்ச இடத்துலதான் மாத்து, அதாவது தங்கத்தோட தரம், குறையும். உரைகல்லுல ஒரு இழு, அது மேல திராவகம் ஒரு சொட்டு. மாத்துக் குறைஞ்சதா இருந்தா கோடு கரையும். 916 முத்திரையும் பக்கத்துல இருக்கற ஆறெழுத்து எண்ணும் லென்சுல பாப்பாரு. கல்லு வச்ச டாலர்னா கல் எடையைக் கழிப்பாரு, உள்ள அரக்கு இருந்தா அதையும் கழிப்பாரு. (தாய்மாருங்க இதை மட்டும் குறிச்சுக்கங்க. வாங்கறப்பவே மொத்த எடை தனியா, கல் நீக்கின எடை தனியா பில்லுல எழுதச் சொல்லுங்க. இல்லன்னா கல்லுக்கும் தங்க விலை கொடுத்துட்டு வருவீங்க.) எல்லாம் முடிச்சுட்டு, "முக்கால் பங்குதாம்மா, 60,000" அப்படின்றாரு.

நடுவர் அவர்களே, சங்கிலி ஒண்ணு, தெரு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. 90,640, 80,000, 60,000. எதிரணித் தலைவர் இந்த மூணுல எதை மதிப்புன்னு எழுதிக்குவாரு? நிலத்துக்குப் போனாலும் இதே கதைதான். பத்திர ஆபீசுல வழிகாட்டி மதிப்பு ஒண்ணு, பக்கத்து மனை வித்த விலை ஒண்ணு, பேங்குக்காரர் போடறது வேற ஒண்ணு. யாரு, எதுக்காகக் கேக்கறாங்களோ அதுக்கேத்த மாதிரி மாறறதுதான் விலை.

இப்ப எதிரணி அம்மையாரோட கேலிக்கு வர்றேன். அதை விட்டுட்டு இறங்க மாட்டேன். "பயன்தான் மதிப்புன்னா, பாலாத்துத் தண்ணி ஒரு குடம் கொண்டுபோய் அடகு வச்சு ஆயிரம் ரூபா வாங்கிக் காட்டுங்க"ன்னாங்க. நல்லா கைதட்டினீங்க, நானும் கேட்டேன்.

அம்மா, தண்ணிக்கு விலை இல்ல, வைரத்துக்கு இருக்குதேன்னு ஆடம் ஸ்மித் 1776லயே எழுதி வச்சுட்டாரு. ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சு வந்த பொருளாதார அறிஞருங்க பதிலும் சொல்லிட்டாங்க. கடைசியா வர்ற குடத்தைப் பாத்து வைக்கறது விலை. நாக்கு வறண்டு கிடக்கறப்ப வர்ற முதல் குடம்தான் உயிரு. தண்ணி நிறைய இருக்கற வரைக்கும் அது மலிவு, அவ்ளோதான்.

குடத்தை எடுத்துக்கினு பாலாத்துக்குப் போனா மொள்ளறதுக்குத் தண்ணி எங்க இருக்குது? நந்தி மலையில பொறந்து, நம்ம மாநிலத்துல மட்டும் 222 கிலோமீட்டர் வர்ற ஆறு. வருஷத்துல பாதி நாளு மேல தண்ணி தெரியாது, மணலுக்குள்ளதான் இருக்கும். ஒரு கன மீட்டர் பருமணல்ல ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணி தங்கற அளவுக்கு இடைவெளி இருக்குது. அந்த மணலை லோடு லோடா அள்ளி வித்தாங்க. கிடைச்ச விலை ஒரே ஒரு தடவை. கரையில இருக்கற கெணறு இறங்கினது இறங்கினதுதான்.

அடகுக் கடையில எடுக்கலன்னா இன்னா? இந்தத் தண்ணி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சும்மா! தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாத்தைக் கெடுக்குதுன்னு வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு. ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணி போகுதுன்னும், தோல் தொழிற்சாலைங்க இருக்கற பகுதியில 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கொஞ்சமாவோ முழுசாவோ பாழாப் போச்சுன்னும் அந்தத் தீர்ப்புலயே எழுதியிருக்குது. கெடுத்தவங்கதான் ஈடு கட்டணும், ஆத்தைப் பழையபடி சரி பண்ற செலவும் அவங்களுதுன்னு நீதிபதிங்க சொன்னாங்க. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கற புள்ளைங்க இந்தியா முழுக்க இன்னிக்கும் நம்ம வேலூர் பேரைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தைப் படிக்கறாங்க. ஒரு குடத்துக்கு ஆயிரம் கேட்டீங்களேம்மா, கெட்டுப்போன அந்தத் தண்ணியைத் திரும்பக் கொண்டாற எத்தனை ஆயிரம் கொடுப்பீங்க?

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் ஐயா, ஒரு நிமிஷம். அடகுக் கடையில சங்கிலி இருக்குது, அந்தம்மாவை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது.

60,000 வாங்கினாங்க. ரெண்டு வட்டி. மாசம் 1,200. பையன் படிக்கறது மூணு வருஷம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முறத்தை மடியில வச்சுக்கினு, தூள் நெடியில இருமிக்கினே சுத்தறாங்க. மூணு வருஷத்துல வட்டி மட்டும் 43,200. அசலோட சேத்து 1,03,200 கட்டி சங்கிலியை மூட்டுனாங்க. தங்கம் அதே விலையில நிக்குதுன்னே வைங்க. புதுசு வாங்கியிருந்தா 90,640தான். கடைக்காரரே சொன்னாரு, "மூழ்கிப் போகட்டும் ஆயா, புதுசா வாங்கிக்க." அந்தம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? "அது என் புள்ளைய படிக்க வச்ச சங்கிலி நைனா. வேற சங்கிலி எனக்கு எதுக்கு?"

எதிரணி அம்மையாரே, உங்களையே கேக்கறேன். உங்களுக்கும் புள்ளைங்க இருக்கும். அந்தம்மா கூடுதலா கட்டுன 12,560 ரூபாய்க்கு எந்தக் கடையில பில்லு போடுவாங்க? அடுத்துப் பேச வர்றப்ப அதை மட்டும் சொல்லுங்க. வணக்கம்.