காம்பி 386 எதனால் சாகும்?

நண்பர்களே, ஹோம்ஸ்டார் ரன்னர் கார்ட்டூனில் வரும் ஸ்ட்ராங் பேடை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குத்துச்சண்டை உறையைக் கழற்றாமலே கீபோர்டைத் தட்டி, ரசிகர்களின் மின்னஞ்சலுக்கு நக்கலாகப் பதில் எழுதுகிற ஆசாமி. 2001இல் அந்த வரிசை தொடங்கியபோது ஊர் உலகமெல்லாம் பென்டியத்துக்குப் போய்விட்டது. இவன் கையில் இருந்ததோ டேண்டி 400 என்ற கம்ப்யூட்டர். அப்புறம் காம்பி 386, அதற்கும் அப்புறம் லாப்பி 486. இன்டெல் 386 சிப் வந்தது 1985இல், 486 வந்தது 1989இல். புதுசு வாங்கினாலும் பத்து வருஷத்துக்கு மேல் பழசைத்தான் வாங்குவான். கார்ட்டூனை உருவாக்கிய சாப்மன் சகோதரர்கள் இந்த எண்களைச் சும்மா வைக்கவில்லை.

காம்பிக்கு நாலு லட்சத்துக்கு மேல் வைரஸ் பிடித்து, கடைசியில் கடைக்காரன் பப்ஸ் அதைத் துப்பாக்கியால் சுட்டு முடிக்கிறான். சிரிக்க அது போதும். நிஜமான 386ஐ வைரஸ் கொல்வதில்லை. சிப்பும் லேசில் சாவதில்லை. எமன் மதர்போர்டிலேயே, பெரும்பாலும் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்: 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. தேதியையும் ஹார்ட் டிஸ்க் விவரத்தையும் காப்பதுதான் அதன் வேலை. வயதானால் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தாமிரத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அதுதான். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிவு காரம் என்பதால் அமிலம்தான் மருந்து. வெள்ளை வினிகரைப் பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேயுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர், அதற்குப் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தண்ணீரைத் தவிர்த்தால் வினிகரே மிச்சத்தை அரிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மல்டிமீட்டரால் ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் பார்த்து, அறுந்த இடத்தில் எனாமல் பூசிய மெல்லிய கம்பியைப் பற்றவையுங்கள்.

மாற்றாகப் பலர் சிஆர்2032 என்ற லித்தியம் வில்லை பேட்டரியை நேராக வைத்துவிடுகிறார்கள். இது ஆபத்து! பழைய பேட்டரி சார்ஜ் ஆகிற ரகம், போர்டு அதற்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். லித்தியம் வில்லைக்கு அது ஆகாது. வீங்கும், வெடிக்கவும் கூடும். நடுவில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு ஷாட்கி டயோடு போட்டுச் சார்ஜைத் தடுக்க வேண்டும். சாதா சிலிக்கான் டயோடு வைத்தால் வோல்டேஜ் அதிகம் விழுந்து தேதி நிற்காமல் போகலாம்.

பேட்டரி போனதோடு ஹார்ட் டிஸ்க் விவரமும் போயிருக்கும். பல பயாஸ்களில் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் நிரல்) டைப் 47ஐத் தேர்ந்தெடுத்து, டிஸ்கின் கொள்ளளவைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் மூன்றையும் கையால் அடிக்க வேண்டும். உச்சம் 1024, 16, 63. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் ஏறத்தாழ 528 மில்லியன் பைட். பழைய டிஸ்க் செத்திருந்தால் ஐடிஇ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி அட்டை வைக்கலாம். ஆனால் 4 ஜிபி அட்டை செருகினாலும் இந்த அளவுக்கு மேல் தானாகக் கிடைக்காது.

மின்சாரம் கொடுக்கும் முன், பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பி8, பி9 கனெக்டர்களைப் பாருங்கள். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும். இடம் மாற்றிச் செருகினால், இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய போர்டு ஒரே நொடியில் கருகிவிடும்.