வரைபடத்தில் பிறந்த மலைகளும் அவற்றின் உயிர்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கற்பனை மலைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கதைக்காகப் புனையப்பட்ட மலைகள் எத்தனையோ உண்டு. அவற்றை விடுத்து, உண்மையானவை என்று நம்பி அறிஞர்களே நிலப்படத்தில் தீட்டிய இரண்டு மலைத்தொடர்களை இன்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஆப்பிரிக்காவில் இருப்பதாகச் சொல்லப்பட்டவை. ஒன்றின் பெயர் கோங் மலைகள்; மற்றொன்றின் பெயர் சந்திர மலைகள். 1888ஆம் ஆண்டில், மூன்று மாத இடைவெளியில், முதலாவதன் பொய் வெளிப்பட்டது. இரண்டாவதன் மெய் வெளிப்பட்டது.

முதலில் கோங் மலைகள். முங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மேற்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் அலைந்து, நைஜர் ஆறு கிழக்கு நோக்கி ஓடுவதை 1796இல் கண்ணால் கண்டார். அந்தப் பயணத்தில் தொலைவில் சில சிகரங்கள் தெரிந்ததாகவும், அவை கோங் என்னும் நாட்டில் இருப்பதாக அவ்வூரார் கூறியதாகவும் எழுதிவைத்தார். அவருடைய பயணத்துக்கு நிலப்படம் வரைந்தவர் ஜேம்ஸ் ரென்னல். இவர் நமக்கு அயலார் அல்லர். வங்காளத்தின் தலைமை நில அளவராக இருந்து, இந்தியாவின் நிலப்படத்தை வரைந்து புகழ் பெற்றவர். நைஜர் ஆறு கிழக்கே ஓடி உள்நாட்டுச் சதுப்பிலேயே வற்றிவிடுகிறது என்பது அவருடைய கொள்கை. அந்த ஆறு தெற்கே திரும்பிக் கடலை அடையாமல் தடுக்க ஓர் அரண் வேண்டுமே! பார்க் கண்ட இரண்டு மூன்று சிகரங்களை ரென்னல் கிழக்கு மேற்காக இழுத்து நீட்டினார். 1798இல் ஒரு மலைத்தொடர் பிறந்துவிட்டது.

அடுத்து வந்த வரைபடக்காரர்கள் அதை இன்னும் நீட்டினார்கள். சிலர் கண்டத்தின் குறுக்கே இழுத்துச் சென்று சந்திர மலைகளோடு இணைத்தே விட்டார்கள். நைஜர் ஆறு கினி வளைகுடாவில் கடலோடு கலப்பதை 1830இல் லாண்டர் சகோதரர்கள் கண்டறிந்த பிறகு, அந்த மலை இருப்பதற்கான காரணமே இல்லாமல் போயிற்று. ஆயினும் மலை போகவில்லை. லூயி குஸ்தாவ் பேன்ழே என்ற பிரெஞ்சுப் படையதிகாரி 1888 பிப்ரவரியில் கோங் நகருக்குள் நுழைந்தார். இஸ்லாமியக் கல்விக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற நகரம் அங்கே இருந்தது. மலைத்தொடர் மட்டும் இல்லை.

தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த இந்த மலைக்கு உயரம் கொடுத்தார்கள், திசை கொடுத்தார்கள், பொன் விளையும் என்ற பேரும் கொடுத்தார்கள். ஆனால் நான் பார்த்த அளவில், அதற்கென்று ஒரு விலங்கையோ பறவையையோ யாரும் கற்பிக்கவில்லை. ஆற்றை மடக்குவதற்காகப் படைக்கப்பட்ட சுவரில் உயிர்களுக்கு வேலை இல்லை. இந்த வெறுமையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சந்திர மலைகளை நோக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

சந்திர மலைகளின் கதை மிகப் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த நிலநூலார் தாலமி, அம்மலைகளின் பனி உருகி இரண்டு ஏரிகளில் சேர்வதாகவும், அவற்றிலிருந்து நைல் பிறப்பதாகவும் எழுதினார். ஏரிகளைப் பற்றிய செய்தி, இந்தியாவுக்குக் கப்பலோட்டித் திரும்பும் வழியில் காற்றால் ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே அடித்துச் செல்லப்பட்ட தியோகினஸ் என்ற கிரேக்கர் வழியாக வந்தது. இந்தியக் கரையை நாடிய கடல் வணிகத்தின் துணை விளைபொருள் இது என்று சொன்னால் மிகையாகாது. தாலமியும் மலைக்கு விலங்குகள் எதையும் கொடுக்கவில்லை. அருகில் மனிதரைத் தின்னும் மனிதர்கள் வாழ்வதாக மட்டும் குறித்துவைத்தார். அறியாத நிலத்தில் நரமாமிசம் உண்போரைக் குடியேற்றுவது எல்லா நாட்டு நிலநூலாருக்கும் எளிதாகக் கைவந்திருக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மியும், 12ஆம் நூற்றாண்டில் அல் இத்ரீசியும் இம்மலைகளைத் தம் படங்களில் போற்றிக் காத்தனர். விக்டோரியா ஏரியைக் கண்டுசொன்ன ஸ்பீக், தங்கனீக்கா ஏரியின் வடகரையைச் சுற்றிப் பிறை வடிவில் ஒரு மலையை வரைந்து, சந்திர மலைகள் இவையே என்றார். ரென்னலின் பழக்கம் அவரையும் விடவில்லை.

உண்மை மலை மேகத்துக்குள் இருந்தது. ஆப்பிரிக்காவின் உள்நாட்டை ஆராய்ந்த பயணி ஸ்டான்லி 1876இல் அதன் அடிவாரத்துக்கு அருகிலேயே வந்தும் சிகரங்களைக் காணாமல் திரும்பினார். 1888 ஏப்ரலில் அவருடைய குழுவினர் இருவர் பனிமலை தெரிந்ததாகச் சொன்னபோதும் அவர் எளிதில் நம்பவில்லை. மே 24ஆம் நாள் மேகம் விலகியது. வெள்ளி மேகம் என்று முதலில் எண்ணியது பனி மூடிய மலை என்று அவரே உணர்ந்தார். இன்றைய உகாண்டாவுக்கும் காங்கோவுக்கும் எல்லையாக நிற்கும் ருவென்சோரி மலைத்தொடர் அது. மலையடிவாரத்தில் வாழும் கொன்சோ மக்களுக்கு இது கண்டுபிடிப்பே அல்ல. தங்கள் தெய்வமான கிதசாம்பா அந்தப் பனியில் உறைவதாக அவர்கள் நெடுங்காலமாகவே வழிபட்டு வருகிறார்கள்.

கிளிமஞ்சாரோவும் கென்ய மலையும் எரிமலைகள். ருவென்சோரி அப்படியன்று. ஆப்பிரிக்கப் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில், இருபுறமும் நிலம் தாழ, நடுவில் மிகத் தொன்மையான பாறைத் திட்டு ஒன்று அண்மைப் புவியியல் காலத்தில் மேலெழுந்து மலையானது. நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மிக உயர்ந்த மார்கரீட்டா சிகரம் 5,109 மீட்டர். காங்கோ வடிநிலத்துக் காடுகளிலிருந்து எழும் ஈரக்காற்று இதில் மோதி, ஆண்டின் பெரும்பகுதியும் மழையாகவும் மூடுபனியாகவும் இறங்குகிறது. கிழக்கே வழியும் நீரும், மேற்கே செம்லிக்கி ஆற்றில் விழும் நீரும் ஆல்பர்ட் ஏரி வழியாக வெள்ளை நைலைச் சேர்கின்றன. ஆகவே தாலமி சொன்னது பொய்யில்லை. ஆனால் எகிப்தின் வெள்ளத்தில் பெரும்பங்கு எத்தியோப்பிய மேட்டுநில மழையால் வருவது. பனிமலையின் பங்கு மிகச் சிறிது.

இனி உயிர்கள். அடிவாரப் புல்வெளியிலிருந்து ஏறினால் அடர்ந்த மலைக்காடு, அதற்கு மேல் மூங்கில் காடு, அதற்கும் மேல் ஏறத்தாழ 3,000 மீட்டரில் எரிக்கா மரங்கள். ஐரோப்பாவில் முழங்கால் உயரப் புதராக நிற்கும் எரிக்கா இனங்களின் உறவுகள் இங்கே பத்து மீட்டருக்கும் மேல் வளர்ந்து, பாசி போர்த்து, கிளைதோறும் தாடி போன்ற லைக்கன்களைத் தொங்கவிட்டு நிற்கின்றன. 4,000 மீட்டருக்கு அருகில் தோன்றும் காட்சியை எந்தப் புனைகதையாளரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார்: சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த டெண்ட்ரோசெனிசியோ என்னும் செடி, தடித்த தண்டும் உச்சியில் முட்டைக்கோசு போன்ற இலைக்கொத்துமாக மரமாகவே நிற்கிறது, அருகில் லோபீலியா ஆளுயரத்தைத் தாண்டிய தூண்களாகப் பூத்து நிற்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி ஓரங்களில் உயர்ந்த பூந்தண்டோடு நிற்கும் காட்டுப்புகையிலையைப் பார்த்தவர்கள் இதன் உறவினரைப் பார்த்தவர்களே.

இந்த உருவங்களுக்குக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டின் மேல் அமைந்த உயர்மலையில் பருவங்கள் மாறுவதில்லை. பகல்தோறும் கோடை, இரவுதோறும் குளிர்காலம் என்று ஹெட்பர்க் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் இதை வருணித்தார். இலையுதிர்த்துக் குளிரைக் கடத்திவிடலாம் என்ற வழி இங்கே இல்லை. உறைபனியை நாள்தோறும் வென்றாக வேண்டும். எனவே டெண்ட்ரோசெனிசியோ உலர்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு, உள்ளே ஓடும் நீர் உறையாமல் காக்கிறது. இரவில் உயிருள்ள இலைகளைக் குவித்து மொட்டை மூடுகிறது. ஒருவகை லோபீலியா தன் இலைக்கொத்தில் நீரைத் தேக்கிவைக்கிறது. இரவில் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டியாகும். அதன் கீழ் நீர் உறையாது நிற்பதால் நடுமொட்டு பிழைக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் எஸ்பெலேசியா என்ற வேறொரு செடி, உலர்ந்த இலைகளைப் போர்த்திக்கொள்ளும் இதே உத்தியைத் தனியாக அடைந்திருக்கிறது. வினோதமாகத் தோன்றும் வடிவம் அந்த மலையின் தட்பவெப்பத்துக்குக் கொடுத்த விடைதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லோபீலியாத் தூண்களைத் தேடி வருவது நீண்ட வாலும் உலோகப் பச்சை நிறமும் கொண்ட ஒரு தேன்சிட்டு. தேனையும் பூச்சிகளையும் உண்டு உறைபனி எல்லையிலேயே வாழ்கிறது. சற்றுக் கீழே, காட்டில், ருவென்சோரி துராக்கோ என்ற பறவை சிறகை விரிக்கும்போது தெரியும் சிவப்பு, செம்பு கலந்த நிறமியால் ஆனது. மலையடிவாரத்துக் கிலெம்பேயில் செம்புச் சுரங்கம் இருந்தது தற்செயலே. ஆண் பச்சோந்தி ஒன்று முகத்தில் மூன்று கொம்புகளோடு திரிகிறது. போட்டியாளனோடு அவற்றால் முட்டித் தள்ளுகிறது. பாறை இடுக்குகளில் முயல் அளவே உள்ள ஹைராக்ஸ் வாழ்கிறது. பார்ப்பதற்குக் கொறிவிலங்கு போலிருந்தாலும், இது யானைக்கும் நம் பாக் நீரிணையில் மேயும் கடற்பசுவுக்கும் உறவு. அதைத் தேடிச் சிறுத்தையும் உயரத்துக்கு ஏறி வருகிறது. ஓடைகளில், விரலிடைச் சவ்வும் நீண்ட மீசையும் கொண்ட ஒரு சிறு பூச்சியுண்ணி நீந்தித் திரிகிறது. அறிவியல் உலகம் அதை 1955 வரை வருணிக்கவேயில்லை. மேகத்துக்குள் மறைந்திருந்த மலையை விட, ஓடையில் நீந்திய இந்த விலங்கு இன்னும் அறுபத்தேழு ஆண்டுகள் கூடுதலாக மறைந்திருந்தது.

நிலப்படக்காரரின் கைக்கு ஒரு கோட்டை நீட்டும் ஆற்றல் உண்டு. மூன்று கொம்புப் பச்சோந்தியையோ, உறைபனியைக் கொண்டே உறைபனியைத் தடுக்கும் செடியையோ அது உண்டாக்கியதில்லை. புதிதாக மலை படைக்க விரும்பும் இளம் எழுத்தாளர்கள் இந்த அவையில் இருப்பார்களானால், விலங்கின் கொம்பிலிருந்து தொடங்காமல், காற்று எத்திசையிலிருந்து வருகிறது, இரவு எவ்வளவு குளிர்கிறது என்பவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1906இல் இத்தாலியின் அப்ரூசிக் கோமகன் இச்சிகரங்களில் ஏறியபோது, பனியாறுகள் ஆறேழு சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருந்தன. இன்று எஞ்சியிருப்பது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உகாண்டாப் பகுதியை யுனெஸ்கோ 1994இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. எல்லைக்கோடு வேட்டையைத் தடுக்கலாம், வெப்பத்தைத் தடுக்காது. வெப்பம் கூடினால் எரிக்கா மரங்களும் லோபீலியாவும் மேலே நகர்ந்தாக வேண்டும். நகர்வதற்கான இடமோ 5,109 மீட்டரில் முடிந்துவிடுகிறது.