கணக்குப் புத்தகம் முன்னால், பீரங்கி பின்னால்

நடுவர் அவர்களே, எதிர் வரிசையில் தெம்பாக உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமாரே, கோயில் கொடைக்கு ஊர் வந்து, நாளைக் காலை பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஏகாதிபத்தியம் நம் மண்ணில் வேரூன்றக் காரணம் வந்தவர்களின் பேராசையா, இருந்தவர்களின் பிரிவினையா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, பிரிவினைதான் என்று அடித்துச் சொன்னார். எட்டயபுரம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு சேர்ந்ததைச் சொன்னார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்ததைச் சொன்னார். எல்லாம் உண்மை. நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, வெள்ளைக்காரன் எப்படி ஜெயித்தான் என்பதற்குத்தான் அண்ணாச்சி பதில் சொல்லியிருக்கிறார். எதற்காக வந்தான், வந்தவன் ஏன் போகவில்லை என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். பேராசைதான் என்பது எங்கள் அணியின் பதில்.

முகமது அலியை ஆற்காட்டு நவாபாக உட்கார வைக்கக் கம்பெனி சண்டை போட்டது. சும்மாவா போட்டது? சண்டைச் செலவு நவாப் கணக்கில் பற்று. கையில் பணம் இல்லையா, கவலை வேண்டாம். கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் துரைமாரே சொந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுப்பார்கள். பால் பென்ஃபீல்டு என்று ஒருத்தர். நவாபுக்குக் கடன் கொடுத்தே பெரும் பணக்காரராகி, லண்டன் பார்லிமெண்டிலேயே உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார். 1785-ல் எட்மண்ட் பர்க் அதே பார்லிமெண்டில் எழுந்து, இந்த நவாப் கடன் கூத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். அவர் பேச்சு இன்றைக்கும் அச்சில் கிடைக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் நாளைக்கு வாசித்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கத்தில் கந்துவட்டியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வட்டிக்கு விட்டவரே ஏட்டய்யாவாகவும் இருந்து, கடன் வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரர் வயலை அடமானம் எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஆற்காடு. அந்தப் பக்கத்து வீட்டு வயல்தான் நம் திருநெல்வேலிச் சீமை.

நவாப் எழுதிக் கொடுத்தது இந்தச் சீமையின் வரியை. 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு இறங்கினாரே, நாட்டைப் பிடிக்கவா வந்தார்? கிஸ்தி வசூலுக்கு வந்தார். நெற்கட்டான்செவலில் பூலித்தேவர் "தரமுடியாது, போ" என்றார். அங்கே தொடங்கியதுதான் சண்டை. 1792 உடன்படிக்கையில், பாளையக்காரர்களிடம் நேரடியாகவே வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. ஏழே வருஷத்தில் கட்டபொம்மனுக்குக் கயத்தாறு புளியமரத்தில் தூக்கு.

கட்டபொம்மன் மேல் முதலில் வந்த புகார் என்ன? ராஜத் துரோகமா? கிஸ்தி பாக்கி. கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராகப் பின்னாலேயே அலைய விட்டு, கடைசியில் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தபோது, பாக்கியில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது தெரிந்தது. கணக்கு நேராக இருந்தும் கைகலப்பு வந்தது. பிறகு சென்னை கவர்னர் விசாரித்து ஜாக்சனையே பதவியிலிருந்து எடுத்துவிட்டார். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள், ஜாக்சனை மாற்றினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நம் சீமைக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் என்று நினைக்காதீர்கள். எகிப்தைப் பாருங்கள். அரசர் இஸ்மாயில் கடன் மேல் கடன் வாங்கினார். 1875-ல் சூயஸ் கால்வாயில் இருந்த பங்கை இங்கிலாந்துக்கு விற்றார். அடுத்த வருஷமே அவர் கஜானாவைப் பார்க்க இங்கிலாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். 1882-ல் அலெக்சாண்டிரியா மேல் குண்டு விழுந்தது. ஆற்காட்டில் எழுதிய கதையை, பெயரை மட்டும் மாற்றி அங்கே நடத்தியிருக்கிறார்கள்.

"ஒற்றுமையாக இருந்திருந்தால் வந்திருப்பானா?" என்று அண்ணாச்சி கேட்டார். இந்தக் கூட்டத்தில் தாத்தாவோ பூட்டனோ ரங்கூன் போய் வந்த குடும்பங்கள் இருக்கும். அந்த பர்மாவைச் சொல்கிறேன். மேல் பர்மாவில் பாளையக்காரர் சண்டையும் இல்லை, ஆற்காடும் இல்லை. மாந்தளேயில் திபா என்ற ஒரே ராஜா. தேக்கு வெட்டிய பாம்பே பர்மா கம்பெனி கணக்கைக் குறைத்துக் காட்டியது என்று அவருடைய அரசு அபராதம் போட்டது. பிரெஞ்சுக்காரன் நுழைந்துவிடுவானோ என்ற பயமும் லண்டனுக்கு இருந்தது, அதை மறைக்கவில்லை. 1885 நவம்பரில் படை ஏறியது. 1886 ஜனவரி முதல் தேதி, நாடே சாம்ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது. ராஜாவைக் கொண்டுபோய் இந்தியாவின் மேற்குக் கரையில், ரத்னகிரியில் வைத்தார்கள். மரக்கணக்கு கேட்டதற்கு இது. இங்கே எந்தத் தொண்டைமான் காட்டிக்கொடுத்தார் அண்ணாச்சி?

அடுத்து, அவர்கள் செய்த நன்மைகள். அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார், "பாலம் கட்டினான், ரயில் விட்டான், பள்ளிக்கூடம் வைத்தான்" என்று. பாலமா? வண்ணார்பேட்டைப் பக்கம் தாமிரபரணி மேல் இருக்கும் பாலத்தின் பெயரே சுலோசன முதலியார் பாலம். 1843-ல் திறந்தது. போட்டவர் வெள்ளைக்கார இன்ஜினியர், சரி. பணம்? அந்த முதலியார் தன் சொந்தச் சொத்திலிருந்து கொடுத்தது. பெயர்ப்பலகையில் இருப்பதைக்கூடப் படிக்காமல் நாம் தினமும் அதில் போய் வருகிறோம்.

ரயில் 1876-ல் தூத்துக்குடிக்கு வந்தது. ஏன் தூத்துக்குடி? அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு கிடைக்காமல், நம் கரிசல் பருத்தியின் அருமை அவர்களுக்குத் தெரிந்துபோனது. ரயில் வந்த அதே வருஷம் என்ன வருஷம்? பாட்டிமார் சொல்வார்களே, தாது வருஷம். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போனவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோகூட இல்லாத தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று, பஞ்சத்தைக் கவனிக்க வந்த அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அதே சமயம் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தை மட்டும் நான் தட்டமாட்டேன். நாம் திண்ணையில்கூட ஏற்றாத பிள்ளைகளைப் பாளையங்கோட்டையிலும் இடையன்குடியிலும் மிஷன் பள்ளிகள் உள்ளே உட்கார வைத்தன. அந்த வெட்கம் நம்முடையது, அதை வெள்ளைக்காரன் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் ஒன்று: 1813 வரைக்கும், வியாபாரம் கெட்டுவிடும் என்று அந்த மிஷனரிகளையே உள்ளே விட யோசித்தது இதே கம்பெனிதான்.

கடைசியாக 1908. அண்ணாச்சி ஒற்றுமை கேட்கிறார் இல்லையா, இதோ ஒற்றுமை. இரண்டு வருஷம் முன்னால் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை நசுக்கப் பார்த்தது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே பின்னால் நின்றது. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசியவருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று நாவிதர் கத்தியை மடக்கினார். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12-ல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். 13-ந் தேதி திருநெல்வேலியே எழுந்தது. கடை அடைப்பு, கல்வீச்சு, தீவைப்பு, துப்பாக்கிச் சூடு. சாதி பார்க்காமல், கடைக்காரரும் கூலிக்காரரும் மாணவரும் ஒன்றாகத் தெருவில் நின்ற நாள் அது.

அதற்குக் கிடைத்த பரிசு? ஜட்ஜ் பின்ஹே சிவாவுக்குப் பத்து வருஷம், வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் வக்கீலைச் செக்கிழுக்க வைத்தார்கள். ஊருக்குத் தண்டப் போலீஸ் வந்தது. அந்தப் போலீஸுக்கு ஆகும் செலவையும் ஊர்க்காரர்களிடமே வரியாக வசூலித்தார்கள். நம்மைச் சுட்டதற்கு நம்மிடமே பில்!

பிரிந்து நின்றபோது பாளையத்துக்குக் கிஸ்தி, சேர்ந்து நின்றபோது ஊருக்குத் தண்ட வரி. எதிரணியில் அடுத்துப் பேச வரும் தம்பி பர்மாவுக்கும் 1908-க்கும் முதலில் பதில் சொல்லட்டும். எட்டயபுரத்துக்கு அப்புறம் போகலாம். வெற்றியை எங்கள் அணிக்குத் தரும்படி நடுவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.