கிண்ணமும் வாசலும்

நேயர்களுக்கு வணக்கம். கூட்டமான பஸ்ஸில் அலைபேசி அழைக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் காதில் விழக் கூடாதென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசியிருப்பீர்கள். அந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம் அந்தக் கைக்குப் பதிலாக ஒரு கிண்ணம் செய்து விற்றது. தொலைபேசியில் நாம் பேசும் பக்கத்தில் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. பெயர் ஹஷ்-எ-ஃபோன். அப்போது அந்த நாட்டின் தொலைபேசியில் பெரும்பகுதி ஏடி அண்ட் டி என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. கம்பமும் கம்பியும் அதனுடையவை. வீட்டு மேசையில் இருந்த கருவியும் அதனுடையதுதான், வாடகைக்குத் தந்தது. பிறர் செய்த எதையும் அதோடு சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதி கிண்ணத்தின் மீதும் பாய்ந்தது.

கிண்ணக்காரர் 1948இல் மத்திய தகவல் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். ஏழு ஆண்டுகள் இழுத்தடித்த பிறகு ஆணையம் பெரிய நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். கையைக் குவித்துப் பேசலாம் என்றால் கிண்ணத்தை வைத்து ஏன் பேசக் கூடாது? 1956இல் நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது, கிண்ணம் வென்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொண்டு டெக்சாஸ்காரர் ஒருவர், வயல்வெளியில் இருப்பவரும் பேசும்படி ரேடியோவைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியைச் செய்தார். கார்ட்டர்ஃபோன் என்ற அந்தக் கருவிக்கு 1968இல் அனுமதி கிடைத்தது. பதிலளிக்கும் கருவி, ஃபேக்ஸ், மோடம் எல்லாம் பிறகு அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தன. இணையம் முதலில் தொலைபேசிக் கம்பி வழியாக வீடுகளுக்கு வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். அதன் பின்னால் ஒரு கிண்ணம் இருக்கிறது.

பல ஆண்டுகள் வணிகவியல் கற்பித்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் பாடம் இந்தக் கிண்ணம்தான். புதுத் தொழிலில் பணம் போடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதில் இருக்கிறது. பொருள் நல்லதுதான்; அது வாங்குபவரிடம் போய்ச் சேரும் வாசல் யார் கையில்? ஏகபோகத் தடுப்புச் சட்டத்தை முதலீட்டுக்குப் பகை என்று பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது வாசலைக் காக்கிற சட்டம்.

அதே 1956, ஜனவரி மாதம். அரசு தொடுத்த வழக்கில் ஏடி அண்ட் டி சமரசத்துக்கு வந்து, ஏறத்தாழ 8,000 காப்புரிமைகளைத் திறந்துவிட ஒப்புக்கொண்டது. மின்னணுக் கருவிகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டரும் அதில் சேர்த்தி. மறுநாளே கணினி நிறுவனமான ஐபிஎம்மும் அரசோடு சமரசத்துக்கு வந்தது. அதுவரை வாடகைக்கு மட்டும் தந்துவந்த இயந்திரங்களை விற்கவும் வேண்டும் என்றாயிற்று. அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் இந்தத் துறைகளில் கால் ஊன்ற இந்த இரண்டு நாட்கள் செய்த உதவி பெரிது. 1984இல் ஏடி அண்ட் டியை உடைத்தபோது பங்குதாரர்கள் பயந்தார்கள். ஆனால் 10 பங்கு வைத்திருந்தவருக்கு ஏழு வட்டார நிறுவனங்களிலும் ஒவ்வொரு பங்கு வந்தது. பழைய பங்கும் கையிலேயே இருந்தது.

இன்றைக்கு வருவோம். புது அலைபேசியை வாங்கித் திறந்தால் தேடுபெட்டி முன்பே அமர்ந்திருக்கிறது. அந்த இடத்துக்காகக் கூகுள் 2021இல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு சொன்ன பரிகாரத்தில் கூகுளின் இணைய உலாவியான குரோமை விற்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். போட்டியாளருக்கு இடமில்லாமல் செய்யும் பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடுத்தார். எனக்கு அது போதவில்லை. பணம் கொடுத்து முதலிடம் வாங்குவது இன்னும் முழுதாக நிற்கவில்லையே.

சிறு நிறுவனத்தைப் பெரியது வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தானே பணம் போடுகிறோம், அதைத் தடுக்கலாமா என்று முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள். 2012இல் 13 பேர் வேலை பார்த்த இன்ஸ்டாகிராமுக்கு ஃபேஸ்புக் 100 கோடி டாலர் விலை பேசியது உண்மை. போட்டவர்களுக்கு லாபம். ஆனால் அது தனித்து வளர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு நிமிடம் என்று சைகை வருகிறது. சுயேச்சை அரசியலைப் பற்றி விரிவாகப் பேசவே வந்தேன்; சுருக்கிச் சொல்கிறேன். ஐபிஎம்மில் விற்பனையாளராக இருந்த ராஸ் பெரோ, 1962இல் ஆயிரம் டாலரோடு வெளியேறிச் சொந்தக் கணினி நிறுவனம் தொடங்கினார். 1992இல் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நின்றார். வாக்குச்சீட்டில் இடம்பெற ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி விதி. 50 மாநிலங்களிலும் தன் பெயர் வரச் செய்தார். ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்கு. ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கு ஒன்றுகூட இல்லை. 1996இல் மீண்டும் நின்றபோது தொலைக்காட்சி விவாதத்தில் இடம் மறுக்கப்பட்டது. மறுத்தது அந்த விவாதங்களை நடத்தும் அமைப்பு; அதை 1987இல் தொடங்கிவைத்தவர்கள் இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்கள்தான். வாக்கும் 8 விழுக்காடாகச் சுருங்கியது. வாசல் யார் கையில் என்று முன்பு கேட்டேன் அல்லவா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இப்போது அதிபர் தேர்தலில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறித்து வாக்களிக்கிறார்கள்; முதல் விருப்பம் தோற்றால் வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். சுயேச்சைக்குப் போட்டால் வாக்கு வீண் என்ற பயம் அங்கே குறைகிறது. அதற்கென்று எழுதிவந்த தாளை மடித்துவைக்கிறேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.