ஏஜென்ட்டுக்கிட்ட சொல்லி புக்மார்க் எல்லாத்தையும் ஒரேயடியா அழிக்கலாமா? களுவாஞ்சிக்குடி டீச்சர்ட கேள்வி

சரி, அடுத்த கேள்விய வாசிக்கிறன். களுவாஞ்சிக்குடில இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க, "தம்பி, என்ட குரோம்ல 3,000க்கு மேல புக்மார்க் கிடக்கு, பாதி திறக்குதில்ல, ஏஐ ஏஜென்ட் பிரவுசருக்குள்ள போய் தானே கிளிக் பண்ணும் எண்டு போன வீடியோல காட்டினீங்க, அதுக்கிட்ட சொல்லி வேலை செய்யாத லிங்க் எல்லாத்தையும் அழிக்கலாமா, பயமில்லையா?" எண்டு.

பயம் இருக்கு டீச்சர், நல்ல வேளை அழிக்க முந்திக் கேட்டீங்க. நான் கேக்காம செஞ்சவன். என்ட மருமகள் ஓ எல் சோதனை எடுக்கிறதுக்காக வருச வருசமா பாஸ் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள், லிங்க் சேத்து வெச்சிருந்தன், ஏஜென்ட்டுக்கிட்ட "ஒரே லிங்க் ரெண்டு தரம் இருந்தா ஒண்ட அழி" எண்டு மட்டும் சொன்னன், அது லிங்க்க பாக்கல, தலைப்ப பாத்திருக்கு. அந்த சைட்ல எந்த பக்கத்த சேவ் பண்ணினாலும் தலைப்புல சைட்ட பேர்தான் விழும், அப்ப 40 சொச்சம் பேப்பரும் அதுக்கு ஒண்டாத்தான் தெரிஞ்சிருக்கு, ஒண்ட வெச்சிட்டு மிச்சம் எல்லாத்தையும் அழிச்சிட்டு. கொஞ்ச நேரத்தில போன்லயும் இல்ல, ஏனெண்டா சிங்க், அதாவது லேப்டாப்லயும் போன்லயும் ஒரே புக்மார்க்க வைக்கிற செட்டிங், ஓன்ல இருந்த.

குரோம்ல அழிச்ச புக்மார்க்குக்கு ரீசைக்கிள் பின் மாதிரி ஒண்டும் இல்ல. உடனே கவனிச்சா புக்மார்க் மேனேஜருக்குள்ள நிண்டு கன்ட்ரோல் இசட் அமத்தி திருப்பி எடுக்கலாம், அவ்வளவுதான். ஃபயர்பாக்ஸ் பாவிக்கிற ஆக்களுக்கு கொஞ்சம் நிம்மதி, அது தானா பழைய பேக்கப் சிலத வெச்சிருக்கும், ரீஸ்டோர் பண்ணலாம்.

அதால முதல் வேலை, கன்ட்ரோல் ஷிப்ட் ஓ அமத்துங்க, மேனேஜர் திறக்கும், மேல மூண்டு புள்ளி இருக்கும், அதுக்குள்ள எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ், ஒரு எச்டிஎம்எல் ஃபைல் வரும். அத டபுள் கிளிக் பண்ணி திறந்து உங்கட லிங்க் எல்லாம் உள்ளுக்கு இருக்கா எண்டு கண்ணால பாருங்க, பாத்துட்டு உங்கட ஈமெயிலுக்கே அனுப்பி வைங்க. லேப்டாப்ல மட்டும் வெச்சா காணாது, ஏஜென்ட் வேலை செய்யிறதும் அதே லேப்டாப்லதானே. சில ஆக்கள் சிங்க்க ஓஃப் பண்ணிட்டு அழிங்க எண்டு சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டன், மறுகா ஓன் பண்ணினா குரோம் ரெண்டு பக்கத்தையும் ஒண்டாச் சேக்கும், அழிச்சதெல்லாம் கிறுகி வந்து நிக்கும்.

இப்ப ஏஜென்ட்டுக்கு உங்கட பிரவுசர குடுக்காதீங்க, அந்த எச்டிஎம்எல் ஃபைல்ட ஒரு கொப்பிய மட்டும் குடுங்க. எது திறக்குது எது திறக்கல எண்டு ஒரு லிஸ்ட், பக்கத்தில காரணம், அது மட்டும் கேளுங்க. "கேக்காம அழிக்காத" எண்டு சொல்லிட்டுத்தானே விட்டன் எண்டு நிறைய பேர் சொல்றாங்க, 3,000 லிங்க் பாக்கிற நீண்ட வேலைல அது முன்னுக்கு நடந்தத சுருக்கி சுருக்கித்தான் ஞாபகம் வெச்சிருக்கும், அந்தச் சுருக்கத்தில நீங்க சொன்ன அந்த ஒரு வரியும் விடுபடலாம். வாயால சொல்லி வைக்கிறது வேற, வீட்டுச் சாவிய குடுக்காம விடுறது வேற.

இன்னொரு காரணமும் இருக்கு. 3,000 பக்கத்தில ஏதோ ஒரு பக்கத்தில, எங்கட கண்ணுக்குத் தெரியாத எழுத்தில, ஏஜென்ட்டுக்கெண்டே கட்டளை எழுதி வெச்சிருக்கலாம், அத வாசிச்சிட்டு அது நீங்க சொன்ன கட்டளை எண்டு நினைச்சா, நீங்க ஈமெயில், பேங்க் எல்லாத்துக்கும் லொகின் பண்ணி வெச்சிருக்கிற பிரவுசர்ல நிக்கிற ஏஜென்ட் என்னவும் செய்யலாம். அதால லிங்க் செக் பண்ணுறத லொகின் ஒண்டும் இல்லாத தனி புரொஃபைல்ல செய்ய விடுங்க.

லிஸ்ட் வந்தா பிறகு, காரணம் எண்ட இடத்தில சைட் திருப்பி அனுப்பின ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பர்கள்ல 404, 410 எண்டு இருக்கிறதுதான் பக்கம் இல்லாதது. 403 எண்டா கதவு பூட்டு, ஆள் உள்ளுக்கு இருக்கலாம், சிலவேளை லொகின் பண்ணினா திறக்கும். 429 எண்டா ஏஜென்ட் வேகமா தட்டினதால சைட் கோவிச்சிருக்கு. 500ல தொடங்குறது அவங்கட சேர்வர் பிரச்சினை, நாளைக்கு சரியாகலாம்.

இப்ப சொல்றத நம்மட ஆக்கள் கட்டாயம் கேக்கணும். நம்மட பழைய தமிழ் பக்கங்கள், டீச்சர்மார் செஞ்ச நோட்ஸ், வினாத்தாள் பிடிஎஃப், கனக்க பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்ட்ல அடிச்சது. பாமினில அடிச்சா கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளுக்கு இருக்கிறது வெறும் இங்கிலிஷ் எழுத்தும் கமாவும். ஏஜென்ட் அத இழுத்து வாசிச்சா அர்த்தமில்லாத குப்பை எண்டு லிஸ்ட்ல போட்டிரும். "குப்பை" எண்டு அது சொல்ற எதையும் நீங்க திறந்து பாக்காம விடாதீங்க டீச்சர்.

அதவிட 404 எண்டு வந்த லிங்க்கயும் உடனே தூக்கி வீசாதீங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ்ட வேபேக் மெஷின்ல அந்த பழைய பக்கம் கிடக்கலாம், அந்த முழு லிங்க் கையில இருந்தா எடுக்கிறது லேசு. அந்த லிங்க் வேற எங்கயும் இல்லாம, உங்கட புக்மார்க்ல மட்டும்தான் இருக்கலாம்! மூடின பத்திரிகை சைட், யாரோ எழுதிட்டு விட்டுப்போன புளொக், கனக்கதுக்கு இதுதான் நிலமை. ஏஜென்ட்டுக்கிட்டயே ஒவ்வொரு 404 லிங்க்கயும் வேபேக்ல தேடி, இருந்தா அந்த முகவரிய பக்கத்தில எழுதச் சொல்லுங்க, இந்த வேலைய அது அலுக்காம செய்யும்.

எல்லாம் பாத்து முடிஞ்சா பிறகுதான் பிரவுசருக்குள்ள விடுறது, அப்பவும் அழிக்க இல்ல. "போகட்டும்" எண்டு ஒரு ஃபோல்டர் செய்யுங்க, நீங்க சரி சொன்னத மட்டும் 50, 50ஆ அதுக்குள்ள மாத்தச் சொல்லுங்க, ஒவ்வொரு 50க்கும் எண்ணிக்கை சரியா எண்டு பாருங்க. ஒரு தவணை போகட்டும், நீங்க படிப்பிக்கிற ஆள், ஒரு தவணைக்குள்ள தேவையான லிங்க்க கட்டாயம் தேடுவீங்க. அதுக்குப் பிறகு அந்த ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி டிலீட், அத நீங்களே உங்கட கையால அமத்துங்க.

சரி, அடுத்த கேள்வி அக்கரைப்பற்றில இருந்து வந்திருக்கு, போன் ஸ்டோரேஜ் பத்தி.