கூடம் கோணல் இல்லை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நம் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, வார விடுமுறையை நம் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுக்கும் தமிழ்ப்பள்ளி முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, சென்னையிலிருந்து நேற்றிரவுதான் வந்திறங்கி, பயணக் களைப்பு தீராமலே நம்மோடு அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல் குழு நண்பர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்னால் கதவோரமாக நின்றுகொண்டிருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. மாதவி ஆடிய அரங்கின் அளவை எடுத்துச் சொன்னார்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அதைக் கேட்ட காதோடு நான் உங்களை இன்னோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். அதன் அளவு 94 அடி நீளம், 50 அடி அகலம். ஆமாம், கூடைப்பந்துக் களம். அதைச் சுற்றி நான்கு சுவர், மேலே இரும்புக் கூரை. நாம் இப்போது உட்கார்ந்திருப்பதும் அப்படி ஓர் இடத்தில்தான். கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள், தோரணத்துக்குப் பின்னால் வளையம் தெரியும்.

செயலாளர் அவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'அமெரிக்க வாழ்வில் மறக்க முடியாத ஓர் இரவு'. என்னுடைய இரவு, ஒரு பல்கலைக்கழக ஜிம்மில் நடந்த பங்க் ராக் நிகழ்ச்சி. வேகமும் சத்தமுமாக இளைஞர்கள் வாசிக்கும் ஒருவகை ராக் இசை அது. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, ஜிம் எப்படிக் கச்சேரி மண்டபம் ஆனது. இரண்டு, அந்தக் கலைஞர்கள் பணத்தை எப்படிப் பார்த்தார்கள். மூன்று, அவர்களுடைய தாளத்துக்கும் நம்முடைய தாளத்துக்கும் உள்ள உறவு. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பழமொழி வரும். நான் ஏறிய மேடைகளில் எல்லாம் சொல்லும் பழமொழிதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

1984இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழும் என்றார்கள். சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. நல்ல சட்டம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இந்த நாட்டில் சின்னக் குழுக்கள் பாடும் இடம் பெரும்பாலும் மதுக்கூடம். 16 வயதுப் பையனோ 18 வயதுப் பெண்ணோ தன் வயதுக்காரர்கள் வாசிப்பதைக் கேட்க எங்கே போவது? தேவாலயத்தின் கீழ்த்தளம், முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடம், பல்கலைக்கழக ஜிம். மதுவை விற்காத இடத்தில்தான் வயதைக் கேட்காமல் உள்ளே விட முடியும். இந்த ஒரு காரணம் போதும், ஜிம் கச்சேரி மண்டபம் ஆனதற்கு.

இதில் இன்னொரு சுவையான செய்தி. 1980இல் நம் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற பதின்வயதுப் பையன்களின் குழு சான் பிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனது. மபுகே கார்டன்ஸ் என்ற இடத்தில், இவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் புறங்கையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். பையன்கள் அந்த யோசனையை ஊருக்குக் கொண்டுவந்து இங்குள்ள மன்றங்களிடம் சொன்னார்கள். "எங்கள் கையிலும் குறி போடுங்கள், ஆனால் உள்ளே விடுங்கள்." பின்னாளில் குடியைத் தொடமாட்டோம் என்று முடிவெடுத்த இளைஞர்கள் உலகமெங்கும் அதே குறியைத் தாங்களாகவே கையில் வரைந்துகொண்டார்கள். பங்க் என்றாலே போதை என்று நினைக்கும் பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, என் இரவுக்கு வருகிறேன். 1990களின் தொடக்கம். நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். என் அறைத்தோழன் திருச்சிக்காரன், சிறுவயதிலிருந்தே மிருதங்கம் படித்தவன். சோடாபுட்டிக் கண்ணாடி. ஆய்வகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஃபுகாசி என்ற குழு, நுழைவு 5 டாலர், எல்லா வயதினரும் வரலாம். அன்று எங்களுக்கு 5 டாலர் என்பது சின்னத் தொகை இல்லை. ஆனால் வேறு எந்த ராக் நிகழ்ச்சிக்கும் அந்த விலையில் போக முடியாது. போனோம்.

மரத்தரையில் ஷூ கீறல் விழக் கூடாது என்று தார்பாய் விரித்து, ஓரங்களில் நாடா ஒட்டியிருந்தார்கள். வளையங்களைச் சங்கிலியால் மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். வண்ண விளக்கு கிடையாது, புகை கிடையாது. வெறும் வெள்ளை விளக்கு. நான்கு பேர் வந்தார்கள். இயன் மெக்கே, கீ பிச்சியாட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கான்டி. பேச்சில்லை, வாழ்த்தில்லை, தொடங்கிவிட்டார்கள். கான்டியின் டிரம் பக்கத்தில் ஓர் இரும்பு மணி தொங்கியது. பண்ணை வீடுகளில் சாப்பாட்டுக்கு அடிப்பார்களே, அது. பாட்டுக்கு நடுவே அதை ஓங்கி அடித்ததும் என் தோழன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய், சரியா சமத்துல விழுந்ததுடா!" தாளச் சுற்று தொடங்கும் இடத்தைத்தான் சமம் என்பார்கள். அதற்கு மேல் நின்ற இடத்தில் அவன் நிற்கவில்லை.

ஒரு பாட்டுக்கு நடுவில் மெக்கே கையைத் தூக்கினார். வாத்தியங்கள் சட்டென்று நின்றன. முன்னால் ஒரு வாட்டசாட்டமான ஆள், பக்கத்தில் இருந்த பிள்ளைகளை முழங்கையால் குத்திக்கொண்டிருந்தான். மெக்கே அவனைத் திட்டவில்லை. "ஐயா, இங்கே வாருங்கள்" என்று மரியாதையாகவே கூப்பிட்டார். "உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு வலிக்கிறது. உங்கள் பணம் உங்களுக்கு." ஓர் உறையில் 5 டாலர். அந்தக் குழு எங்கே வாசித்தாலும் இதற்கென்றே உறைகள் வைத்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஆள் உறையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வெளியே போனான். மறுபடி இசை, விட்ட இடத்திலிருந்தே.

அப்புறம்தான் கதையே. நெரிசலில் என் தோழனின் கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. அது இல்லாமல் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் என் முகமே தெரியாது. "கண்ணாடி! கண்ணாடி!" என்று தமிழில் கத்தினான். யாருக்கு என்ன புரிந்ததோ, பக்கத்தில் இருந்த பெண் இரண்டு கைகளையும் விரித்து வட்டம் போட்டுக் கூட்டத்தைத் தடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர். காது கிழிகிற சத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் குனிந்து தார்பாயைத் தடவித் தேடினார்கள். கடைசியில் எடுத்தது பச்சைத் தலைமுடியை முள்முள்ளாக நிறுத்தியிருந்த ஒரு பையன். மூக்கில் வளையம், சட்டை முழுக்க ஊக்கு. கண்ணாடியைத் தன் சட்டையின் உள்பக்கத்தால் துடைத்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், இன்னொரு முறை துடைத்தான், பிறகு தன் கையாலேயே என் தோழனின் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் சரி பார்த்துவிட்டான். இந்த நாட்டில் ஆய்வகத்துக்கு வெளியே அதுவரை எங்களை யாரும் தொட்டதில்லை ஐயா. யாராவது விழுந்தால் உடனே தூக்கிவிட வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம்.

முடிந்ததும் குழுவினர் தங்கள் ஒலிபெருக்கிகளைத் தாங்களே சுமந்து வண்டியில் ஏற்றினார்கள். சட்டை, தொப்பி என்று எந்த விற்பனையும் இல்லை. மாணவர்கள் தார்பாயைச் சுருட்டினார்கள். காலையில் கூடைப்பந்துப் பயிற்சி இருந்தது. நாங்களும் ஒரு முனையைப் பிடித்தோம்.

ஜிம் இசைக்கு ஏற்ற இடமா? இல்லை. மரத்தரையும் சிமென்ட் சுவரும் இரும்புக் கூரையும் சத்தத்தை விழுங்காமல் திருப்பித் திருப்பி அடிக்கும். சொற்கள் குழம்பும். கூட்டம் நிறைந்தால்தான் உடம்புகளும் உடைகளும் கொஞ்சம் எதிரொலியை உறிஞ்சும். அந்த நான்கு பேருக்கும் இது தெரியும். ஆடத் தெரியாதவள்தானே கூடம் கோணல் என்பாள்? 1988இல் பிலடெல்பியாவில் இப்படி ஒரு கூடத்தில் பிச்சியாட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள் நுழைந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடினார். படமே இருக்கிறது, பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். (பார்த்தால் போதும், செய்ய வேண்டாம்.)

பணத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 5 டாலர் நுழைவு, எல்லா வயதினரும், இவ்வளவுதான் அவர்கள் கொள்கை. இரண்டையும் ஆண்டுக்கணக்கில் கட்டிக் காத்தார்கள். நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளை நூற்றுக்கணக்கில் இன்றும் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஏறக்குறைய அதே விலைதான்.

இதெல்லாம் எங்கோ நடந்ததில்லை, நாம் குடியிருக்கும் இந்த வட்டாரத்தின் வரலாறு. 1979 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அரங்கு ஒன்றில் கிராம்ப்ஸ் என்ற குழு வாசித்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.ஜி.டி.பி. வானொலியைக் காப்பாற்ற நடந்த நிதி நிகழ்ச்சி. இயன் மெக்கே பார்த்த முதல் பங்க் நிகழ்ச்சி அதுதான். அப்போது அவருக்கு 16 வயது. வானொலி பிழைக்கவில்லை. நிர்வாகம் அதை ஒரே ஒரு டாலருக்கு இன்னொரு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டது. அதே 90.1 அலைவரிசையை 1997இல், நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் வாங்கிய விலை 1 கோடியே 30 லட்சம் டாலர்! ஆனால் அந்த இரவைப் பார்த்த பையன் அடுத்த ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இசைத்தட்டு உறைகளை வீட்டில் உட்கார்ந்து தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். ஆர்லிங்டனில் இருக்கிறது அந்த வீடு. அந்தத் தலைமுறைக்கு வழிகாட்டிய பேட் பிரெய்ன்ஸ் குழுவினர் இங்கேயே வாஷிங்டனிலும் மேரிலாந்துப் புறநகரிலும் வளர்ந்த கறுப்பின இளைஞர்கள். இந்த இசை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம். வாஷிங்டன் பொது நூலகம் 2014இல் இதற்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கியிருக்கிறது.

இப்போது நம் கூடத்துக்கு வருகிறேன். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து குழு வைத்திருக்கிறார்கள். கிதார், டிரம், ஒரு பெண் தமிழில் எழுதிப் பாடுகிறாள். பொங்கல் விழாவில் அவர்களுக்குக் கிடைத்தது, இரண்டு பொன்னாடைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பாட்டு. அதிலும் பாதியில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். தனியாக ஒரு மாலை கொடுங்கள் என்று கேட்டால், பொருத்தமான மண்டபம் இல்லை, எதிரொலிக்கும், தரை பாழாகும் என்கிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிள்ளைகள் கூடத்தைக் குறை சொல்லவே இல்லை. நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த ஜிம்மை விழாக்களுக்கு நாம் வாடகைக்கு எடுக்கிறோம். விழா முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுக்க முடியாதா? ஒரு தார்பாய், இரண்டு ஒலிபெருக்கி, 5 டாலர் நுழைவு, வாசலில் இரண்டு பெற்றோர். வரவேற்புரை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், என்னைப் போன்றவர்கள் மேடை ஏறவே வேண்டாம். பாட்டுப் போட்டியும் பரிசும் வேண்டாம். அவர்களே தாள் அச்சடிக்கட்டும், அவர்களே கணக்கு எழுதட்டும், அவர்களே தரையைத் துடைக்கட்டும். பொருளாளர் அவர்கள் அன்பானவர், கணக்கில் கறாரானவர். பணம் துண்டு விழுந்தால் முதல் ஆண்டு முழுவதும் அதை நான் ஏற்கிறேன் என்று இந்த மேடையிலேயே அவருக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் சங்கத்துப் பக்கம் வருவதில்லை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் வருத்தப்படுகிறோம். அவர்களுடையது என்று சொல்ல இங்கே என்ன வைத்திருக்கிறோம்?

மூன்றாவதாகத் தாளத்தைப் பற்றிப் பேச வேண்டும். சிறப்பு விருந்தினர் ஐயா பேசக் காத்திருக்கிறார், செயலாளரும் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், அதனால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் இந்தத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று ஒரு கோரிக்கைத் தாள் எழுதி, காப்பி மேசைக்குப் பக்கத்தில் பேனாவோடு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் வழியில் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளுக்குப் பொதுக்குழுவில் வாக்கு இல்லை, இருந்தாலும் அவர்களுக்கென்று இரண்டாவது பக்கத்தை விட்டிருக்கிறேன். கதவோரம் நிற்பவர்கள் முதலில் வாருங்கள். வாய்ப்பளித்த விழாக்குழுவினருக்கு நன்றி, வணக்கம்.